நாவல் அட்டை: துப்பறியும் கதைக்கு ஒன்று, தோட்டத்துக் கதைக்கு வேறொன்று

நூல் வெளியீட்டு விழா நடக்கும் மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார்கள். அன்றைய நூலோடு, நண்பர்களின் நூல்களும் அதில் அடுக்கி இருக்கும். ஒன்றின் அட்டையில் வரிசையாகப் பால்மரங்கள். இன்னொன்றில் பால்மரங்களுக்கு நடுவே சூரிய உதயம். மூன்றாவதில் லயத்து வீடு, அதன் மேல் மங்கலாக ஒரு பெண்ணின் முகம். உள்ளே புரட்டினால் ஒன்று கொலைக் கதை, ஒன்று காதல் கதை, ஒன்று ஜப்பானியர் காலத்துக் கதை. வெளியே மூன்றும் அக்காள் தங்கைகள்!

விழாவுக்கு வருகிறவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. அவர் எழுத்தாளரை அறிந்தவர். அன்பளிப்பு உறையைக் கொடுத்து நூலை வாங்கிக்கொள்வார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நம் நாட்டில் தமிழ் நாவல்கள் பெரும்பாலும் எழுத்தாளரின் சொந்தப் பணத்தில், சில நூறு பிரதிகளாகத்தான் அச்சாகின்றன. விழா முடிந்து மிஞ்சும் பெட்டிகள் வீட்டின் பின்னறைக்குப் போய்ச் சேர்கின்றன. அந்தப் பெட்டிகள் காலியாக வேண்டுமானால், எழுத்தாளரின் பெயரையே கேட்டிராத ஒருவர் நூலைக் கையில் எடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ கைப்பேசித் திரையிலோ அவர் முதலில் பார்ப்பது அட்டையைத்தான். அழகாக இருக்கிறதா என்பதை அவர் இரண்டாவதாகத்தான் யோசிப்பார். தாம் விரும்பிப் படிக்கும் வகைக் கதைதானா என்பதே அவருடைய முதல் கேள்வி.

நிறத்தை வைத்தே கதையைச் சொன்னவர்கள்

இந்தக் கேள்விக்கு மிக எளிய பதிலைக் கொடுத்தது இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகம். 1935-இல் அது மலிவு விலை நூல்களை வெளியிடத் தொடங்கியபோது அட்டையில் படமே இல்லை. நிறப் பட்டைகள் மட்டும்தான். ஆரஞ்சு என்றால் நாவல், பச்சை என்றால் துப்பறியும் கதை, கருநீலம் என்றால் வாழ்க்கை வரலாறு. இரயிலுக்கு ஓடுகிறவர்கூட நிறத்தைப் பார்த்து நூலை எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. 1929-இல் மொண்டாடோரி பதிப்பகம் மஞ்சள் அட்டையில் குற்றக் கதைகளை வெளியிட, இன்றுவரை அங்கே குற்றக் கதைக்குப் பெயரே ‘ஜல்லோ’, அதாவது மஞ்சள்.

தமிழில் இப்படி நிறத்தால் பிரித்த பழக்கம் இல்லை. ஓவியர்களின் கைதான் இங்கே அடையாளமானது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள், வந்தியத்தேவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று பல தலைமுறைகளின் மனத்தில் பதித்துவிட்டன. சுஜாதாவின் கதைகளுக்கு ஜெயராஜ் வரைந்த நவநாகரிகப் பெண்களைக் கண்டவர்கள், உள்ளே வேகமான நகரத்துக் கதை இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் போட்ட கோடுகளில் கரிசல் மண்ணே இருந்தது. பெயரைப் படிக்கும் முன்பே வாசகருக்கு வகை தெரிந்துவிடும்.

மாத நாவல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் ஒரு பிரதி பத்து வீடு சுற்றிய நாவல்கள் அவை. ராஜேஷ்குமாரின் கொலைக் கதைக்குக்கூட அட்டையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் வண்ணப்படம் இருக்கக்கூடும். கதைக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. அது செல்லுபடியானதற்குக் காரணம், எழுத்தாளரின் பெயர்தான் அங்கே உண்மையான அட்டை. ராஜேஷ்குமார் என்று எழுதியிருந்தால் வகை தெரிந்துவிட்டது. முதல் நாவல் எழுதும் உள்ளூர் எழுத்தாளருக்கு அந்த வசதி கிடையாது.

கொலையும் காதலும்

துப்பறியும் கதையின் அட்டை ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். இருண்ட நிறம், பெரிய எழுத்து, ஒரே ஒரு பொருள் போதும். செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, விளக்கு அணையாமல் சாய்ந்து கிடக்கும் ஒரு மோட்டார் சைக்கிள். கத்தியும் இரத்தமும் போட்டால்தான் கொலைக் கதை என்று பலர் நினைக்கிறார்கள். ஆயிரம் அட்டைகளில் பார்த்துச் சலித்துப்போன படம் அது. கொலையாளி யார் என்பதற்கான துப்பை அட்டையே கொடுத்துவிடக் கூடாது என்பதும் முக்கியம்; நாவலை முழுவதும் படித்துவிட்டு வரைகிற ஓவியர்கள் ஆர்வத்தில் இந்தத் தவற்றைச் செய்துவிடுவதுண்டு.

காதல், குடும்பக் கதைகளுக்கு ரமணிசந்திரன் நாவல்கள் ஒரு வழியைப் போட்டுக் கொடுத்தன. பெண்ணின் முகம், இளநிறங்கள். இந்த வகையை விரும்பிப் படிப்பவர்கள் அந்தச் சாயலைத்தான் தேடுகிறார்கள். இதில் புதுமை செய்கிறேன் என்று கறுப்பு வெள்ளையில் வாடிய பூவைப் போட்டால், காதல் கதை வாசகர் தொடமாட்டார். சோகக் கதை என்று எடுத்தவரோ கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் நடப்பதைப் பார்த்து எரிச்சலடைவார்.

பேய்க் கதையில் பேயைக் காட்டாமல் இருப்பது நல்லது. தலைவிரி கோலத்தில் பொந்தியானாக் நிற்கும் படத்தைவிட, பாதி திறந்திருக்கும் லயத்து வீட்டுப் பின்கதவு அதிகம் பயமுறுத்தும். தோட்டத்துப் பேய்க் கதைகளில் முனியாண்டி சாமி வருவார் என்பதற்காக அவரை அரிவாளோடு அட்டையில் நிறுத்தினால், கடைக்காரர் அந்த நூலைப் பக்தி நூல் வரிசையில் வைத்துவிடக் கூடும். தவறு அவருடையதல்ல.

வரலாறு என்றால் தஞ்சைக் கோபுரமா?

கடாரத்தை வைத்து நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு என்றதும், வடிவமைப்பாளரின் கை தானாகவே தஞ்சைப் பெரிய கோயில் படத்தைத் தேடும். கோயில் அப்போது கட்டி முடிந்திருந்தது, காலப் பிழை இல்லை. ஆனால் கதை நடக்கும் இடம் கெடா. கடலில் வந்த மாலுமிகளுக்கு வழிகாட்டி நின்றது ஜெராய் மலை. பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று நாம் பார்க்கும் சண்டி புக்கிட் பத்து பகாட், கோபுரம் இல்லாத கல் அடித்தளம். கப்பலிலிருந்து தெரியும் ஜெராய் மலையை அட்டையில் வரைந்தால், இது சோழர் கதை என்பதோடு நம் மண்ணின் கதை என்பதும் சேர்ந்து தெரியும். தமிழ்நாட்டில் வெளியாகும் நூற்றுக்கணக்கான சோழர் நாவல்களிலிருந்து அது தனித்தும் நிற்கும்.

அண்மைக் கால வரலாற்றில் இன்னும் கவனம் வேண்டும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் இரயில் பாதையில் நம் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தப் பின்னணியில் ஒரு நாவலுக்கு இணையத்தில் படம் தேடினால் முதலில் கிடைப்பது காஞ்சனபுரி இரும்புப் பாலம், மாலை வெயிலில், சுற்றுலாப் பயணிகள் எடுத்தது. அழகான படம்தான். அதை அட்டையில் போட்டால் நூல் பயணக் கட்டுரைபோல் தோன்றும். தாத்தாவை அந்தக் காட்டில் பறிகொடுத்த குடும்பத்துக்கு அது உறுத்தும்.

தோட்டத்துக் கதை

பால்மரப் படம் தவறானதல்ல. தோட்ட வாழ்க்கையை எழுதும் நாவலுக்கு அது உண்மையான அடையாளம். ஆனால் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், இன்று அது ‘மலேசியத் தமிழ் நூல்’ என்பதை மட்டும்தான் சொல்கிறது. எந்தக் கதை என்பதைச் சொல்வதில்லை. மரக்காட்டைவிட்டு ஒரு பொருளுக்கு அருகில் போனால் கதை வந்துவிடும். இருட்டில் எரியும் நெற்றி விளக்கு விடியற்காலை வேலையைச் சொல்லும். கவிழ்த்து வைத்த மங்கு வேலை இல்லாத நாளைச் சொல்லும். பூட்டிய லயத்து வீட்டு வாசலில் காய்ந்துபோன துளசிமாடம், தோட்டத்தை விற்ற பிறகு வெளியேறிய குடும்பத்தைச் சொல்லும்.

தோட்டத்து வாசகரை ஏமாற்றவும் முடியாது. பால் வெட்டும் கோடு மரத்தில் இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கமாகச் சரிந்து இறங்கும். மரப்பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றுச் சாய்ந்து ஓடுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வடியும். தலைப்புக்கு இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டால் கோடு எதிர்ப்பக்கமாகச் சரிந்துவிடும். வடிவமைப்பாளருக்கு அது தெரியாது. முப்பது ஆண்டு உளி பிடித்த பாட்டிக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். சேலைத் தலைப்பும் இப்படித்தான் இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாறிவிடுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கும் படங்களிலும், பால்மரம் என்று கேட்டால் ஏதோ ஒரு மரம் வரக்கூடும், கோடு எந்தப் பக்கமும் போகக்கூடும்.

சிறுவர் நாவலிலும் இதே எச்சரிக்கை தேவை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கதைக்கு இந்தியப் பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளின் படத்தைப் போட்டால், இங்குள்ள ஆறாம் ஆண்டு மாணவிக்கு அது வேறு யாருடைய கதையோதான். கருநீலப் பினஃபோர் போட்ட ஒரு பெண் நேராகப் பார்த்தால் போதும். அவள் நூலை எடுத்துவிடுவாள்.

ஒரே கதைக்கு இரண்டு அட்டை போடுவதும் தவறில்லை. ஹாரி பாட்டரின் முதல் நூலுக்கு, 1997-இல் வந்த சிறுவர் அட்டை போக, மறு ஆண்டே பெரியவர்களுக்காக கறுப்பு வெள்ளை நீராவி இரயில் படத்தோடு தனிப் பதிப்பை வெளியிட்டார்கள். உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை.

எழுத்தும் அச்சும்

படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து, தலைப்பு எழுத்தைக் கடைசி நிமிடத்தில் கணினியில் இருக்கும் ஏதாவது ஓர் எழுத்துருவில் போட்டுவிடுவது நம்மிடம் சகஜம். தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. மெல்லிய எழுத்துருவில் போட்டால் தூரத்திலிருந்து மெய்யெழுத்தின் புள்ளியே தெரியாது. கைப்பேசித் திரையில் அட்டை தபால்தலை அளவுக்குச் சுருங்கும்போது புள்ளி முற்றாக மறைந்து, ‘பாட்டு’ ‘பாடடு’ ஆகிவிடும். அச்சகத்தில் வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாத வேளைகளில், கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ உடைந்து போவதும் உண்டு. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மென்பொருளில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால், தலைப்பை மட்டும் கையால் எழுதி வாங்கிப் படமாகச் சேர்க்கலாம். பழைய ஓவியர்கள் அப்படித்தான் செய்தார்கள், வரலாற்று நாவலுக்கு அது இன்றும் எடுப்பாக இருக்கிறது.

கடை அடுக்கில் நூலின் முதுகுதான் வெளியே தெரியும். 80 கிராம் தாளில் 200 பக்க நூலுக்கு முதுகு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரும். தலைப்பும் பெயரும் தாராளமாகப் பிடிக்கும். வெறுமையாக விட்டால் அந்த நூல் அடுக்கில் இல்லாததற்குச் சமம். துப்பறியும் நாவலுக்குப் பிடித்தமான கருநிற மங்கல் பூச்சில் விரல் ரேகை அப்படியே பதியும் என்பதையும், திரையில் பளிச்சென்று தெரியும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நம் ஈரக் காற்றில், ஒரு பக்கம் மட்டும் பூச்சு போட்ட மெல்லிய அட்டை சில வாரங்களிலேயே சுருண்டுகொள்ளும். 250 அல்லது 300 கிராம் அட்டை கேட்டு வாங்கினால் சுருளுவது குறையும்.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டுவது 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் சிக்கலாகலாம். உறவுக்காரப் பையன் கைப்பேசியில் எடுத்த படமே பல வேளைகளில் போதும், அனுமதியும் உடனே கிடைக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

வடிவமைப்பாளரிடம் தலைப்பை மட்டும் கொடுத்துவிட்டு ‘நல்லா செஞ்சு கொடுங்க’ என்றால், அவருக்குத் தெரிந்த பால்மரத்தைத்தான் அவர் போடுவார். என்ன வகைக் கதை, எந்தக் காலம், எந்த ஊர், கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருள் என்ன, எந்த நூல்களைப் படிப்பவர் இதையும் படிப்பார் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால், தமிழ் படிக்கத் தெரியாதவரும் வேறு அட்டை செய்துவிடுவார்.

அச்சகத்துக்கு ‘சரி’ சொல்லும் முன் மாதிரி அட்டையை நாவலைப் படிக்காத இரண்டு பேரிடம் காட்டலாம், அவர்களில் ஒருவர் எழுத்தாளருக்கு அறிமுகம் இல்லாதவராக இருந்தால் நல்லது. அழகாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். என்ன கதையாக இருக்கும் என்று கேட்க வேண்டும். கொலைக் கதையைக் காட்டி ‘கவிதைத் தொகுப்பா?’ என்று பதில் வந்தால், அட்டையை மாற்ற அப்போதும் நேரம் இருக்கிறது.