எழுத்துருவின் பூட்டும் பொதுக் குறியேற்றமும்

ஒரு நிறுவனத்தின் கைப்பேசியை வாங்கியவர், அதனோடு இசையும் கணினி, கைக்கடிகாரம், இணையச் சேமிப்பகம் யாவற்றையும் அதே நிறுவனத்திடம் பெறும் நிலைக்கு ஆளாகின்றார். இஃது வாங்குவோரைக் கட்டி வைப்பதாகாதா என்னும் வினா இந்நாளில் எங்கும் எழுகின்றது. விடை காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. தமிழ் எழுதும் நாமே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தகைய பூட்டு ஒன்றினுள் இருந்து வெளிவந்தவர்கள். அதுவே எழுத்துருவின் பூட்டு.

கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். எவ்வெண் எவ்வெழுத்துக்கு உரியது என்னும் உடன்பாடு குறியேற்றம் எனப்படும். ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் 256. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கணினியின் தேவைகளுக்கும் உரியனவாயின. எஞ்சிய 128 இடங்களில் நம் 247 எழுத்துகளும் அடங்கா. ஆகவே உயிர்மெய்களைத் துணைக்குறிகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிறுவனமும் தான் விரும்பிய எண்ணில் தான் விரும்பிய குறியை அமைத்துக்கொண்டது. சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றினர். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்பனவே தோன்றும்.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. வேறொரு மென்பொருள் மலிவாகவும் சிறப்பாகவும் கிடைத்த போதும் பள்ளிகள் எளிதில் மாற இயலவில்லை. பத்தாண்டுகள் சேர்த்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் ஆண்டு மலர்களும் பழைய எண்களில் அடைபட்டுக் கிடந்தன. புதிதாக எழுதிய ஒவ்வொரு பக்கமும் பூட்டை மேலும் இறுக்கிற்று. பழகிய விசைப்பலகையை விட்டு விரல்கள் நகர மறுத்தமை இரண்டாவது பூட்டு. தோட்டத்துக் கடையில் பற்று வைத்தவர், பட்டணத்தில் அரிசி மலிவென்று அறிந்தும் அங்குப் போக இயலாதிருந்ததை இதற்கு ஒப்பிடலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கட்டி வைத்தது கடைக்காரரின் கடன். இங்கே கட்டி வைத்தது நம் சொந்த உழைப்பு.

பூட்டைத் திறக்கும் முயற்சி தமிழர் வாழும் பல நாடுகளிலும் எழுந்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. 1999இல் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் அறிவித்தது. மின்னஞ்சல் வழியே கலந்துரையாடியோர் டிஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். நம் நாட்டு முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' டிஸ்கியையும் பின்னர் யூனிகோடையும் ஏற்று வழங்கிற்று.

யூனிகோடு என்பது உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறியேற்றம். 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் அகரத்தின் எண் 2949. எந்த நாட்டில், எந்த நிறுவனத்தின் கருவியில் எழுதினாலும் அவ்வெண் மாறாது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. இதனால் எழுத்துரு செய்வோரின் தொழில் அழிந்துவிடவில்லை. வடிவின் அழகிலும் பயன்படுத்தும் எளிமையிலும் அவர்கள் போட்டியிடலாயினர்.

பிற துறைகளிலும் இதுவே நிகழ்ந்தது. மலேசியாவில் 2008 முதல் கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை வழக்கிற்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதி முதல் புதிய கைப்பேசிகள் யாவற்றுக்கும் ஒரே வகை மின்னேற்றச் செருகியைச் சட்டமாக்கிற்று.

ஒரே நிறுவனத்தின் பொருள்கள் தம்முள் இசைவது நன்மையே என்பார் கூற்றும் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் விரும்பித் தங்குதல் வேறு. போக வழியின்றித் தங்குதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும்: 'நான் போகும்போது என் உடைமைகளை எடுத்துச் செல்ல இயலுமா?' நம் கல்வியமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தில் கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றன் கருவிகளும் இடம்பெற்றன. இவற்றுள் எதைக் கையாண்டாலும், மாணவரின் ஆக்கங்களைப் பிற கருவிகளும் படிக்கக்கூடிய பொது வடிவில் ஒரு படி எடுத்துவைத்தல் ஆசிரியரின் கடமையாகும்.

பழைய பூட்டும் முழுவதும் திறந்துவிடவில்லை. தோட்டங்கள் கைமாறியும் மறைந்தும் வரும் சுங்கை பாக்காப் போன்ற வட்டாரங்களில், பள்ளி மலர்களே அங்கு வாழ்ந்த மக்களின் வரலாற்றுச் சான்றுகள். அவற்றுட் சில இன்னும் பழைய வட்டுகளில், பழைய குறியேற்றங்களில் உறங்குகின்றன. யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அம்மலர்களைத் தட்டெழுதிய ஆசிரியர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். எந்த மலர் எந்த எழுத்துருவில் அமைந்தது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிந்து மாற்றி வைப்போமாக.