லைசோசோம் நோய்கள்: கண்டறிய வழியுண்டு, சிகிச்சைக்கு நிதி போதவில்லை

புது தில்லி: உடலின் செல்களுக்குள் கழிவைச் சிதைக்கும் லைசோசோம்களில் ஒரு நொதி குறைந்தாலும், சிதையாத பொருள் தேங்கிவிடுகிறது. இதனால் குழந்தைகளின் கல்லீரலும் மண்ணீரலும் வீங்குகின்றன. சில நோய்களில் மூளையும் சிதைகிறது. கௌச்சர், டே-சாக்ஸ் உள்ளிட்ட சுமார் 50 பரம்பரை நோய்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவை மேலைநாட்டு நோய்கள் என்ற எண்ணத்தை மாற்றியவர்களுள் ஒருவர் ஆமதாபாத் மரபியல் விஞ்ஞானி ஜெயேஷ் ஷேத். அவரது குழுவினர் 1,110 குழந்தைகளைப் பரிசோதித்ததில் 387 பேருக்கு இந்நோய்கள் உறுதி செய்யப்பட்டன. இம்முடிவு 2014-ல் வெளியானது. முன்னதாக 2012-ல், உறவுமுறையற்ற குஜராத் குடும்பங்கள் பலவற்றில் டே-சாக்ஸ் நோய்க்குக் காரணமான ஒரே மரபணு மாற்றம் இருப்பதையும் இக்குழு கண்டறிந்தது. மாற்றம் எதுவெனத் தெரிந்தால், அடுத்த கருவிலேயே நோயைக் கண்டறிய இயலும்.

ஆனால் சிகிச்சை ஆய்வகத்தோடு முடிவதில்லை. கௌச்சர் நோயுற்ற ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு எய்ம்ஸ் மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை அளிக்குமாறு, 2014 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி மன்மோகன் தில்லி அரசுக்கு உத்தரவிட்டார். பணமில்லை என்ற காரணத்தால் சிகிச்சையை மறுக்க முடியுமா என்ற கேள்வி அப்போது முன்னுக்கு வந்தது.

மத்திய அரசு 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. உதவித்தொகை வரம்பு 2022-ல் ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. மும்பை பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையும், பின்னர் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சிறப்பு மையங்களாயின. தாராவி, செம்பூர் மட்டுமின்றி அம்பர்நாத் போன்ற தொலைதூரப் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பரேலே அருகிலுள்ள சிறப்பு மையம்.

எனினும் வரம்பே சிக்கலாக உள்ளது. பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சில அரிய நோய்களில் ஆண்டுக்கு ரூ.10 லட்சம் முதல் ஒரு கோடிக்கு மேல் செலவாகும் என்றும், எடை கூடும்போது மருந்தளவும் கூடும் என்றும் அக்கொள்கையே ஒப்புக்கொள்கிறது. சிகிச்சையோ ஆயுள் முழுவதும் தேவை.

உள்நாட்டுத் தயாரிப்பால் விலை குறையும் என்பதற்குச் சான்று உண்டு. கௌச்சர் நோய்க்கான எலிகுளுஸ்டாட் மாத்திரைச் செலவு ஆண்டுக்கு ரூ.1.8 கோடி முதல் 3.6 கோடி வரை என்பதிலிருந்து, ரூ.3 லட்சம் முதல் 6 லட்சமாகக் குறைவதாக 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. ஆனால் குழந்தைகளுக்கு ஊசி வழியே செலுத்தப்படும் நொதி மருந்துகளுக்கு அந்த அறிவிப்பு பொருந்தவில்லை. அவற்றையும் உள்நாட்டில் தயாரிக்க அரசு முன்வராதவரை, வரம்பு தீரும் நாளில் பெற்றோர் மீண்டும் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும்.