திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கினால், அது யாருக்குச் சொந்தம்?

முகநூல் விளம்பரத்தைப் பார்த்து ஒருவர் 1,800 வெள்ளிக்குப் பழைய மோட்டார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டயர் மாற்றி, இரண்டு மாதம் வேலைக்கும் ஓட்டிப் போகிறார். ஒருநாள் சாலைத் தடுப்புச் சோதனையில் போலீஸ் நிறுத்தி, இது களவுபோன வண்டி என்கிறது. பறிகொடுத்தவரும் உழைத்துத்தான் வாங்கினார். இவரும் உழைத்த காசைத்தான் கொடுத்தார். திருடன் ஆளைக் காணோம். வண்டி யாருக்கு?

பறிகொடுத்தவருக்குத்தான். 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. தனக்கில்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது. திருடனிடமிருந்து பத்துக் கை மாறினாலும் உரிமை பழைய சொந்தக்காரரிடமே நிற்கும். "ரசீது இருக்கிறது, பலர் பார்க்கத்தான் வாங்கினேன்" என்பதெல்லாம் இங்கே எடுபடாது. இங்கிலாந்தில் ஒரு பழைய விதி இருந்தது: பகல் வெளிச்சத்தில், திறந்த சந்தையில், நல்லெண்ணத்தோடு வாங்கினால் திருட்டுப் பொருளும் வாங்கியவருக்கே. 1995இல் அவர்களே அதைக் கைவிட்டார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை.

அப்படியானால் நல்லெண்ணத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, சிறைக்குப் போகாமல் அது காப்பாற்றும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டம் 411ஆவது பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை. மோட்டார் வாகனமோ அதன் உதிரிப் பாகமோ என்றால் குறைந்தது ஆறு மாதம் சிறை. "காரணம் இருந்தோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிராண்ட் இல்லை, விலை பாதிதான், எஞ்சின் எண் சுரண்டப்பட்டிருக்கிறது என்றால், தெரியாது என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் நம்பாது.

திருட்டு வேறு, ஏமாற்று வேறு. இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் காரை நீங்களே ஒருவருக்கு விற்கிறீர்கள். அவர் கொடுத்த காசோலை திரும்பிவிடுகிறது. அதற்குள் அவர் காரை விவரம் அறியாத மூன்றாமவருக்கு விற்றுவிட்டார். இப்போது 29ஆவது பிரிவு மூன்றாமவர் பக்கம் சாயும். நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன்பே அவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் கார் அவருக்கே. திருடன் உங்களுக்குத் தெரியாமல் எடுத்தான். ஏமாற்றியவனுக்கோ நீங்களே கையால் கொடுத்தீர்கள் என்பதுதான் காரணம். அதனால் காசோலை திரும்பிய அன்றே போலீஸ் புகார் செய்வது முக்கியம். ஏமாற்றுக்காரன் தலைமறைவாகிவிட்ட நிலையில், உடனே போலீசிடம் போனதே ஒப்பந்தத்தை ரத்து செய்ததற்குச் சமம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பழைய வண்டிக் கடையில் விற்றுத் தரச் சொல்லி, கையெழுத்துப் போட்ட பாரங்களோடு காரை விட்டுவருபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கடைக்காரர் விற்ற பணத்தோடு ஓடினால், நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து காரைப் பிடுங்குவது மிகக் கடினம்.

சரி, மோட்டாரை இழந்தவரின் 1,800 வெள்ளி? அதை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். விற்கும் உரிமை தனக்கு உண்டு என்று ஒவ்வொரு விற்பனையாளரும் வாக்குக் கொடுத்ததாகவே 14ஆவது பிரிவு கொள்கிறது. இரண்டு மாதம் ஓட்டியதற்குக் கழிவு உண்டா? 1923ஆம் ஆண்டு ஆங்கில வழக்கு ஒன்றில், திருட்டுக் கார் சில மாதம் ஓடிய பிறகும் கொடுத்த 334 பவுனும் முழுதாகத் திரும்பக் கிடைத்தது. தனி ஆள் விற்றிருந்தால் 5,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். கடையில் வாங்கியதென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. விற்றவரின் பெயர், அடையாள அட்டை எண், வங்கிப் பரிமாற்றச் சீட்டு கையில் இல்லாவிட்டால் இவை எதுவும் உதவாது.

வண்டிக்கும் கிராண்ட், நிலத்துக்கும் கிராண்ட் என்றே சொல்கிறோம். சட்டத்தில் இரண்டும் ஒன்றல்ல. நிலத்தில் பதிவுதான் உரிமை. பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு தாய்லாந்துப் பெண்மணியின் நிலத்தை, அவர்தான் தான் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் விற்றுவிட்டார். நல்லெண்ணத்தோடு வாங்கிய நிறுவனத்துக்கே நிலம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடோர்னா வழக்கு என்று பேர்போன இந்தத் தீர்ப்பு, கள்ளக் கையெழுத்துக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டது என்ற கண்டனம் அடங்கவே இல்லை. என் பார்வையில் அந்தக் கண்டனம் நியாயமானது. தவறே செய்யாதவர், தனக்குத் தெரியாமலே நிலத்தை இழந்தார்.

குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2010 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதைத் தவறென்று சொல்லி மாற்றியது. கள்ளப் பத்திரத்தின் மூலம் நேரடியாக வாங்கியவருக்கு, நல்லெண்ணம் இருந்தாலும், தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவு பாதுகாப்புத் தராது. ஆனால் அவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. அதாவது கள்ளப் பெயர்மாற்றம் முதல் கையில் இருக்கும்போதே கண்டுபிடித்தால் நிலம் திரும்பும். இரண்டாவது கைக்குப் போய்விட்டால் அநேகமாகத் திரும்பாது.

தாத்தா வாங்கிப் போட்ட நிலம் வேறு மாநிலத்தில் கிடக்கிறது, கிராண்ட் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று இருப்பவர்கள், ஆண்டுதோறும் நிலவரி கட்டும்போதே நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அந்த நிலம் இன்று யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.