முன் சக்கரம் ஏன் இழுக்கவில்லை?

அந்தமானில் மழை அதிகம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். பெரிய சாலை தார்ச் சாலை. அதிலிருந்து பிரிந்து பாக்குத் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகும் வழிகளில் பல மண் வழிகள். மழையில் அந்த மண் சோப்புப் போல வழுக்கும்.

அங்கேதான் பழைய ஜீப் கை கொடுக்கிறது. அதில் தேங்காய் மூட்டை ஏற்றுவார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணையும் ஏற்றுவார்கள். பாதி மேட்டில் பின் சக்கரம் சுழல்கிறது. ஓட்டுநர் சின்ன லீவரைப் போடுகிறார். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லை. வண்டி நின்றுவிட்டது.

இப்படி நடந்தால் பலர் உடனே "பாக்ஸ் போச்சு" என்பார்கள். பெட்டியை இறக்கிப் பிரித்துவிடுவார்கள். உள்ளே ஒன்றும் கெட்டிருக்காது. வெளியே ஒரு திருகைத் திருப்பாமல் விட்டிருப்பார்கள். தீவில் இந்த அவசரம் அதிகச் செலவு வைக்கும். ஏன் தெரியுமா? பழைய ஜீப்பின் சாமான்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வர வேண்டும். சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். போர்ட் பிளேருக்கு 2024-ல் வைத்த பெயர்தான் ஸ்ரீ விஜயபுரம். கப்பல் வந்து சேர மூன்று நாள் ஆகும். அங்கிருந்து டிக்லிப்பூருக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் சாலை. அதுவரை பிரித்துப் போட்ட வண்டி ஷெட்டில் கிடக்கும்.

ஆகவே வெளியே இருப்பதை முதலில் பார்க்க வேண்டும். பெட்டியைப் பிரிப்பது கடைசி வேலை.

சக்தி போகும் வழி

ஜீப் போருக்காகப் பிறந்த வண்டி. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1941 முதல் இதை ஏராளமாகச் செய்தது. 1947-ல் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. இன்று தீவில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவும் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் எல்லா ஜீப்பும் நான்கு சக்கரத்திலும் இழுக்காது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஜீப்புகளும் நிறைய விற்றன. பழைய வண்டி வாங்குகிறவர் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து பின் பக்கம் ஓர் இரும்புத் தண்டு போகும். முன் பக்கமும் ஒரு தண்டு போக வேண்டும். முன் தண்டு இல்லையா? அது ஃபோர் வீல் ஜீப்பாக வேலை செய்யாது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

என்ஜினின் சக்தி முதலில் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அதன் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. அதற்கு டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் என்று பெயர். சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு புறப்படுகிறது. அது சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலைச் சுற்றுகிறது. டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஆக்ஸில் ஷாஃப்ட். அதன் முனையில் ஹப். ஹப்பில் சக்கரம். ஷெட்டில் ஒருவர் தமிழ் பேசுவார், ஒருவர் இந்தி பேசுவார், ஒருவர் வங்காளம் பேசுவார். சாமானின் பெயர் மட்டும் எல்லோருக்கும் இதுதான்.

இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் முன் சக்கரம் இழுக்காது.

கெடாமலே நிற்கும் வண்டி

களத்தில் மாடு பூட்டிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் மாடு மெல்ல நடக்கும். வெளியே இருக்கும் மாடு வேகமாக நடக்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போதும் அப்படித்தான். வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது. இரண்டையும் அவற்றின் வேகத்தில் ஓட விடுவது டிஃபரன்ஷியல்.

இதில் ஒரு குறை உண்டு. எந்தச் சக்கரம் லேசாகச் சுழலுமோ, சுற்று முழுவதும் அந்தப் பக்கமே ஓடிவிடும். முன்னால் ஒரு சக்கரம் சேற்றில் சுழலும். பின்னால் ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கிச் சுழலும். மற்ற இரண்டும் சும்மா நிற்கும். "ஃபோர் வீல் வேலை செய்யவில்லை" என்று ஓட்டுநர் சொல்வார். வண்டியில் பழுதே இல்லை. சுழலும் சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையோ கல்லோ கொடுத்தால் பிடிப்புக் கிடைக்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பள்ளம்தான் ஆழமாகும்.

நிற்கும்போது எந்தச் சக்கரம் சுழல்கிறது என்று ஒருவர் இறங்கி, தள்ளி நின்று பார்க்க வேண்டும். முன் சக்கரம் ஒன்றாவது சுழன்றால் சக்தி முன்னால் வருகிறது என்று பொருள். இரண்டும் அசையவே இல்லை என்றால்தான் பழுதைத் தேட வேண்டும்.

தேடும் முறை

முதலில் ஹப். சில ஜீப்புகளில் முன் சக்கரத்தின் நடுவே கையால் திருப்பும் திருகு இருக்கும். அதில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று ஃப்ரீ. மற்றது லாக். ஃப்ரீயில் இருந்தால் சக்கரம் தனியாக ஓடும். லீவரை எத்தனை தரம் போட்டாலும் இழுக்காது. இரண்டு பக்கமும் லாக்கில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் பயனில்லை. மழைக் காலம் முழுவதும் அதை லாக்கிலேயே விட்டுவிடும் ஓட்டுநர்கள் உண்டு. கொஞ்சம் டீசல் கூடுதலாகப் போகும். ராத்திரி மழையில் சேற்றில் இறங்கித் திருகைத் தேடுவதைவிட அது மேல்.

திருகு சுற்றவே வரவில்லை என்றால் உள்ளே துருவோ மண்ணோ இருக்கும். இடுக்கி போட்டு முறுக்கக் கூடாது, உடைந்துவிடும். கழற்றித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும்.

அடுத்தது லீவர். பழைய மாதிரிகளில் பெரிய கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன லீவர்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரத்தைச் சேர்க்க. மற்றது லோ கியருக்கு. முன் சக்கரத்தைச் சேர்த்த பிறகுதான் லோ கியர் விழும்படி அமைத்திருப்பார்கள். இது தெரியாமல் "லோ விழவில்லை" என்று அலைகிறவர்கள் உண்டு. லோ போட வண்டியை நிறுத்த வேண்டும்.

லீவர் இறுகி நின்றால் அது ஆடும் பின்னைப் பாருங்கள். வண்டியின் அடியில், சேறு அடிக்கும் இடத்தில் அது இருக்கிறது. உப்புக் காற்றில் சீக்கிரம் துருப் பிடிக்கும். எண்ணெய் விட்டு ஊற விடவும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிக்கவும். பிறகு வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே லீவரைப் போட்டுப் பாருங்கள். பற்கள் எதிரெதிரே முட்டி நின்றாலும் உருட்டும்போது சேர்ந்துவிடும். பின் சக்கரம் சுழலும்போது போட்டால் பல் உடையும்.

லீவர் விழுகிறது, ஹப் லாக்கில் இருக்கிறது, ஆனாலும் இழுக்கவில்லை. இப்போது ஒரு சோதனை. சமதரையில் வண்டியை நிறுத்தவும். என்ஜினை அணைக்கவும். கைப் பிரேக்கைப் போடவும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுக்கவும். வண்டியைக் கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போடவும். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கவும். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கவும்.

கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் சங்கிலி அறுபடவில்லை. தாராளமாகச் சுற்றினால் எங்கோ அறுந்திருக்கிறது. எங்கே? இன்னொருவர் பக்கவாட்டில் குனிந்து முன் தண்டைப் பார்க்க வேண்டும். சக்கரத்தோடு தண்டும் சுற்றினால் பழுது டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் பக்கம், அல்லது லீவர் பாதியில் நிற்கிறது. தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டி நன்றாக இருக்கிறது. ஹப்பிலோ, ஆக்ஸில் ஷாஃப்டிலோ, டிஃபரன்ஷியலிலோ பழுது. இடம் வலம் இரண்டு ஹப்பையும் பார்க்க வேண்டும். தண்டின் முனை மட்டும் சுற்றி மறு முனை நின்றால் நடுவே உள்ள கிராஸ் உடைந்திருக்கும்.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஜாக்கியில் இருக்கும்போது என்ஜினைப் போடவும் கூடாது. தரையில் உள்ள சக்கரம் இழுத்தால் வண்டி பாய்ந்துவிடும்.

போட்டது வெளியே வரவில்லை

இது வேறு வகை. ஷெட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அண்ணே, ஃபோர் வீல் போட்டேன். இப்ப எடுக்க வரமாட்டேங்குது."

"தார் ரோட்டுல போட்டு ஓட்டினியா தம்பி?"

"ஆமாண்ணே. மழைன்னு ரங்கத்துலேருந்தே போட்டுட்டு வந்தேன்."

"அதான். பாக்ஸ் கெடலை. நேரா ஒரு இருபதடி ரிவர்ஸ் போ."

வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓடும். பின் சக்கரங்கள் குறைந்த தூரம் ஓடும். முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் ஒன்றாகப் பூட்டிக் கிடக்கின்றன. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஈரத் துணியைப் பிழிவது போலத் தண்டுகள் முறுகி நிற்கும். லீவரை இறுக்கிப் பிடிப்பது இந்த முறுக்குதான். ரிவர்ஸ் போனால் முறுக்கு விடும்.

நேராக ஓட்டியும் இறுகுகிறதா? டயர்களைப் பாருங்கள். புது டயர் முன்னாலும் தேய்ந்த டயர் பின்னாலும் போட்டிருப்பார்கள். நான்கிலும் காற்றைச் சரி பார்த்த பிறகு, ஒரு நூலால் ஒவ்வொரு டயரையும் சுற்றி அளக்கவும். அளவு நன்றாக மாறினால் டயர்தான் காரணம்.

தண்ணீர்

ஓடி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். அப்படியே ஓடையில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். வெளியிலிருந்து காற்றை இழுக்கும். அதற்காக மேலே பிரீதர் என்ற சின்ன மூக்கு வைத்திருக்கிறார்கள். சேறு அதை அடைத்துவிட்டால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரையே இழுக்கும். ஆயில் பால் ஊற்றிய டீயைப் போல ஆகிவிடும். அப்படி ஓடினால் பேரிங்கும் பற்களும் தேயும்.

ஓடையைக் கடந்த மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், அடித் திருகைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே தங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். அப்போதே ஆயிலை மாற்ற வேண்டும். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள ஜாயின்ட்டுக்கும் இது பொருந்தும். வளைவில் திரும்பும்போது "டக் டக்" என்று கேட்டால் அந்த ஜாயின்ட் தேய்கிறது.

கடல் நீர் இன்னும் மோசம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அன்றைய நில அதிர்ச்சியில் தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்களில் கடல் ஏறியது. ஓத நேரத்தில் சாலையிலும் உப்பு நீர் நின்றது. உப்பு நீரில் போய் வந்த வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுதும் கழுவ வேண்டும். உப்பு நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. எல்லா ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

வெயில் காலத்தில் ஃபோர் வீலை யாரும் தொடுவதில்லை. அதனாலும் கெடுகிறது. மாதம் ஒரு தடவை மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போட்டு ஓட்டினால் ஆயில் எல்லாப் பற்களிலும் ஏறும். ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா காட்டு வழியே வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். வழியில் நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கம் போகிறவர் முதல் நாளே எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

லீவர் தானாக வெளியே துள்ளுகிறது என்றால் மட்டும் பெட்டியைத் திறக்க வேண்டி வரலாம். லீவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பல் தேய்ந்திருக்கும். ஸ்பிரிங்கை முதலில் மாற்றிப் பாருங்கள்.

சாமானுக்குச் சொல்லி அனுப்பும்போது வாயால் சொல்லக் கூடாது. சீட்டு எழுத வேண்டும். வண்டியின் மாடல், செய்த ஆண்டு, சேசிஸ் எண், சாமானின் பெயர், இடமா வலமா, பல் இருந்தால் எத்தனை பல் என்று எழுதவும். முடிந்தால் பழைய சாமானையும் சீட்டோடு கட்டி அனுப்பவும். ஒரு பல் மாறி வந்தாலும் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.