பேயும் கல்வெட்டும்

பேயைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் பிறகு பேயே இல்லை என்பது வாசகரை ஏமாற்றுவதல்லவா என்று கொட்டாஞ்சேனை நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவர் குறிப்பிடுவது கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலை.

1950 முதல் 1954 வரை வெளிவந்த அத்தொடர்கதையை, வெள்ளவத்தை வீட்டில் கிழித்துக் கட்டிவைத்திருந்த பக்கங்களில் நான் படித்தேன். சுந்தர சோழர் முன் நள்ளிரவில் தோன்றும் ஆவியால் விளக்கை அணைக்கவே பயம்! ஆவியோ, மந்தாகினியைப் போல வேடமிட்ட நந்தினி. காவிரியில் விழுந்த சிறுவன் அருள்மொழியைக் காப்பாற்றிய 'காவேரி அம்மன்' அந்த மந்தாகினியேதான். வளர்ந்த இளவரசர் அந்த ஊமைப் பெண்ணை மீண்டும் காண்பது நமது இலங்கையில். தெய்வமென நம்பியவள் மனுஷி என்றறியும்போது பரிவு கூடுகிறதேயன்றிக் குறையவில்லை. இதை ஏமாற்றென்று நான் சொல்லமாட்டேன்.

பேய்க்கு விடை தந்த கல்கி, ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எதுவென்று மட்டும் அறுதியிட்டுக் கூறவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரைத் துரோகிகள் என்கிறது, காரணம் சொல்வதில்லை. குறைப்பட்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரையே எழுதவேண்டியதாயிற்று. நேயர் அதையும் ஒருமுறை படித்துவிட்டு எழுதட்டும்.