பழைய வண்டிக்கு ஒரு காவல்

பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலைத் தரிசித்து, அங்குள்ள சிற்றாலயச் சுவரில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அழியாமல் எஞ்சியிருக்கும் பார்வதியின் ஓவியத்தைக் கண்குளிரப் பார்த்துவர வேண்டுமென்று பனமலைக் குன்றின் படிகளில் ஏறும்போதெல்லாம், அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வந்த வண்டியைப் பற்றிய கவலை என் மனத்தில் ஒரு மூலையில் இருந்துகொண்டேயிருக்கும். என் தகப்பனார் காலத்து அம்பாசடர் அது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் பிறந்து, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தியே நின்றுபோன வம்சத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட, சரியான சாவியன்றி எஞ்சினை இயங்கவிடாத மின்னணுப் பூட்டு இதற்கு ஏது? தேய்ந்த கதவுப் பூட்டில் வேறொரு சாவியும் நுழைந்து திரும்புகிறது என்பதை ஒருநாள் கண்ணாரக் கண்டபின், அலாரம் ஒன்றை வாங்கி என் கையாலேயே பொருத்துவதென்று நிச்சயித்தேன்.

விழுப்புரத்தில் நெடுங்காலமாக வண்டி வயரிங் வேலை பார்த்துவரும் பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்டபோது அவர் சொன்னது ஒன்றே: “அலாரத்த அப்புறம் பாக்கலாம் தம்பி, மொதல்ல எர்த்து சரியா இருக்கான்னு பாருங்க.” இந்த ஒரு வாக்கியத்தில் வேலையின் சாரம் முழுவதும் அடங்கியிருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பழைய ஆங்கிலேய வார்ப்பில் வந்த வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு சேர்க்கப்பட்டிருக்கும். இன்று கடையில் கிடைக்கும் அலாரங்களோ நெகட்டிவ் முனை உடலோடு சேர்ந்த 12 வோல்ட் வண்டிகளுக்கென்றே செய்யப்பட்டவை. இதைக் கவனியாமல் இணைத்தால் பெட்டி அந்தக் க்ஷணமே கருகிப்போகும். என் வண்டி நெகட்டிவ் எர்த்தாகவே இருந்தது. ஆயினும் பேட்டரியிலிருந்து உடலுக்கு வரும் பட்டைக் கம்பியைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் துருவும் பச்சைக் களிம்பும் கனமாகப் படிந்திருந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உலோகம் பளபளத்தபின் முடுக்கி, அதற்குப் பிறகே அலாரத்தின் கறுப்பு வயரைப் புதிதாகத் துளைத்த இடத்தில் பிணைத்தேன். எப்போதும் மின்சாரம் வேண்டிய சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்தே எடுத்து, அருகிலேயே ஒரு பியூஸ் வைப்பது அவசியம். பியூஸ் தள்ளியிருந்தால், இடையிலுள்ள வயர் உரசித் தகட்டைத் தொடும் நாளில் வண்டியே தீப்பற்றும்.

கதவுகளில்தான் என் பிரயத்தனம் மிகுதியாகச் செலவழிந்தது. கதவு திறந்தவுடன் உள்விளக்கை எரியச் செய்யும் சிறு சுவிட்சு இருக்கிறதே, அதுவே அலாரத்தின் கண். கதவு திறந்தால் அது வயரை உடலோடு சேர்க்கிறது, அந்தச் சேர்க்கையை அலாரம் அறிந்துகொள்கிறது. என் வண்டியில் முன்கதவுகளுக்கு மட்டுமே அது இருந்தமையால், பின்கதவுகளின் சட்டத்திலும் துளையிட்டுப் புதிய சுவிட்சுகளை வைக்க நேர்ந்தது. சுவிட்சின் உடம்பு தன் திருகாணி வழியாகவே எர்த்தைப் பெறுவதால், பல தடவை பெயிண்ட் ஏறிய தகட்டில் அதை வைத்தால் அது ஊமையாகவே இருக்கும். துளையின் விளிம்பைச் சுரண்டிச் சிறிது கிரீஸ் தடவிய பிறகே இடது பின்கதவு பேசத் தொடங்கியது. வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகும் வழக்கத்தை நான் அறவே விரும்புவதில்லை. கத்திரி வெயிலில் வெளியில் நிற்கும் வண்டிக்குள் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயை அதன்மேல் போர்த்துவதே உத்தமம். வயல் சூழ்ந்த ஊரானதால் எலிக்கும் அஞ்சி, தகட்டின் ஊடே போகும் வயர்களுக்கு ரப்பர் வளையமும் நெளிகுழாயும் போட்டேன்.

எஞ்சினைத் தடுக்கும் ரிலேயை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. பெட்ரோல் வண்டியில் காயிலுக்குப் போகும் வயரை வெட்டி இடையே ரிலே வைப்பவர் பலர். ஆனால் அந்த ரிலே என்றேனும் பழுதானால், விக்கிரவாண்டி தாண்டி லாரிகளுக்கு நடுவே விரைந்துகொண்டிருக்கும் வண்டி திடீரென்று உயிரற்றுப்போகும். டீசல் வண்டிக்கோ தீப்பொறியே கிடையாதாகையால் அந்த வழி பிரயோஜனப்படாது. ஆகவே ஸ்டார்டருக்குச் செல்லும் வயரில், சாதாரணமாக மூடியே இருக்கும் 30, 87ஏ முனைகளின் வழியாக ரிலேயைச் சேர்த்தேன். பழுது நேர்ந்தால் வண்டி கிளம்பாதிருக்குமேயன்றி ஓட்டத்தில் நிற்காது. ரிலேயின் சுருளுக்குச் சாவி திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும்படி 86-ஆம் முனையை இணைத்ததால், நிற்கும்போது அது பேட்டரியைக் குடிப்பதுமில்லை. ஸ்டார்டர் சாலினாய்டின் மேலேயே கையால் அழுத்தும் பொத்தான் உள்ள பழைய வண்டிகளில், பானெட்டுக்கும் ஒரு சுவிட்சு வைக்காவிடில் இந்த ஏற்பாடு வீண்.

சைரனை வாய் கீழ்நோக்கி, எஞ்சின் சூடு படாத இடத்தில் வைத்தால் ஐப்பசி மழைநீர் அதில் தேங்காது. அதிர்ச்சி உணர்வியின் திருகை, கரும்பு டிராக்டர் கடந்துபோனால் வாய்திறவாமலும், கண்ணாடியைக் கையால் தட்டினால் அலறும்படியும் சிறிது சிறிதாகத் திருப்பி நிறுத்தப் பொறுமை வேண்டும். புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சாதனமா என்று வாங்கும்போதே விசாரிப்பது நல்லது. காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கோருகிறவர்களிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

நிற்கும் வண்டியில் அலாரம் 20 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொண்டாலும், முப்பது நாளில் 14 ஆம்பியர் மணிக்குமேல் கரைந்துவிடும். வயதான பேட்டரிக்கு அது பெரும் பாரம். வாரம் ஒருமுறையேனும் பனமலை ஏரிக்கரை வரையில் ஓட்டிவருவதை அதனாலேயே நியமமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்த நிற வயர் எங்கே சேர்கிறது, பியூஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து, வண்டிக்குள் வைக்காமல், வீட்டில் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். எனக்குப் பின் இந்த வண்டியின் டேஷ்போர்டைத் திறக்கப்போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.