ஒரு பதிவு, பல உதவிகள்

புதுதில்லியின் கோல் மார்க்கெட் 1921ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட அக்கட்டடத்தைச் சுற்றியுள்ள பகுதியில், அரசுப் பணியின் பொருட்டுத் தலைநகர் வந்த தமிழர் பலர் வாழ்ந்தனர். அருகிலுள்ள மந்திர் மார்க்கில் இன்றும் தமிழ்ப் பள்ளி இயங்குகிறது. அவர்களுக்கு மாதச் சம்பளம் உறுதியாக இருந்தது. இத்தகைய குடியிருப்புகளில் துணி தேய்ப்பவர், காய்கறி விற்பவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கோ அன்றாட உழைப்பே வருமானம்.

இவர்களுக்கென அரசுத் திட்டங்கள் பல உள்ளன. எனினும் தொழிலாளர் பதிவு ஓர் அமைச்சகத்திடமும், பயிற்சி மற்றோர் அமைச்சகத்திடமும், விற்பனைச் சான்று உள்ளாட்சியிடமும், கடன் வங்கியிடமும் உள்ளன. ஒவ்வொரு அலுவலகத்திற்கும் ஒரு நாள் அலைந்தால் அந்நாளின் கூலி இழப்பாகிறது. பயிற்சி பெற்றவருக்கு முதல் இல்லை; முதல் கிடைத்தவருக்குக் கடை வைக்க இடமில்லை என்ற நிலையும் நேர்கிறது.

இக்குறையை நீக்கும் முயற்சியே இ-ஷ்ரம் இணையதளம். 2021 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்ட இதில், 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு செய்து 12 இலக்க எண் பெறலாம். தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் திறன் இந்தியா டிஜிட்டல் தளமும் இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. 2025 ஜனவரி முதல் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் இது கிடைக்கிறது. பல மொழியினர் வாழும் தில்லிக்கு இது சிறிய வசதியன்று.

தெருவோர வணிகர்களுக்கு 2020 ஜூன் 1 அன்று பிரதமர் ஸ்வநிதி திட்டம் வந்தது. உள்ளாட்சி அடையாளம் காட்டும் வணிகருக்கு வங்கி பிணையின்றிக் கடன் தருகிறது. 2025இல் திருத்தப்பட்டபடி முதல் தவணைக் கடன் ரூ.15,000, ஒழுங்காகச் செலுத்தினால் ரூ.25,000, பின்னர் ரூ.50,000. விற்பனை இடங்களைப் பற்றி ஆலோசனை கூறும் நகர விற்பனைக் குழுவில், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது 40 சதவீதம் வணிகர்களின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும்.

திட்டங்கள் இணைந்தாலும், அவை உரியவரைச் சென்றடைய ஒருவர் வழிகாட்ட வேண்டியுள்ளது. தங்கள் இல்லத்தில் பணிபுரிபவர் இ-ஷ்ரமில் பதிந்துள்ளாரா என வாடிக்கையாளர்கள் கேட்டறியலாம். ஆதார், அதனுடன் இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை போதும். பதிவுக்குக் கட்டணமில்லை, இடைத்தரகர் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை.